வங்கக் கடலின் அடியிருளில் வலை வீசிய மருத்துவர்

மரக்காணத்து உப்பளங்களின் வரப்பில் நின்றால் கடல் நம் காலடியில் ஒரு சாண் ஆழம்கூட இல்லாமல் பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து கொண்டிருக்கும். அதே கடலைக் கிழக்கே தொடர்ந்து போனால் நிலைமை வேறு. சில பத்து கிலோமீட்டர் தூரம் வரை கடலடி மெல்லத்தான் சரிகிறது. இருநூறு மீட்டர் ஆழம் வந்ததும் திடீரென்று பள்ளத்தாக்காக இறங்கி, மேலும் போகப் போக மூவாயிரம் மீட்டரையும் தாண்டிவிடுகிறது. நம் மீனவர்கள் வலை போடுவதும், நம் வீட்டுக்கு வஞ்சிரமும் ஊசிக்கணவாயும் வருவதும் பெரும்பாலும் அந்த விளிம்புக்கு இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

நம் பிள்ளைகள் இதைக் கேட்கத்தான் செய்கிறார்கள். கரை ஒதுங்கிய ராட்சதக் கணவாய் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நம்மிடம் காட்டி, இது உண்மையா என்கிறார்கள். பாதிப் படங்கள் பொய். ஆனால் அந்த உயிரினம் பொய்யில்லை. அதன் பெயர் ஆர்க்கிட்யூதிஸ். 1857இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஸ்டீன்ஸ்ட்ரப் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். நீண்ட இரு கைகளையும் சேர்த்து அளந்தால் பன்னிரண்டு மீட்டர் அளவுக்கு வளரும். நம் பேருந்தின் நீளம். மூன்று இதயங்கள், நீல நிற இரத்தம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண். சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் அதைப் பற்றிப் படிக்க முடிவதில்லை.

நம் வங்கக் கடலின் அந்த ஆழத்தில் என்ன வாழ்கிறது என்று வலை வீசிப் பார்த்து, உலகத்துக்கு எழுதிச் சொன்ன முன்னோடிகளில் முதன்மையானவர் ஒரு மருத்துவர். பெயர் ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக். ஆங்கிலேயர். இந்தியக் கடல்களின் மீன், நண்டு, இறால் பற்றிப் படிக்கும் எவரும் அவர் பெயரைத் தொடாமல் கடந்து போக முடியாது. ஆனால் அவருடைய அறிவியலைவிட அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதைதான் நம் குடும்பங்களுக்கு அதிகம் புரியும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆல்காக் 1859 ஜூன் 23இல் பம்பாயில் பிறந்தார். தந்தை கப்பல் தலைவர். ஓய்வுபெற்று லண்டன் அருகே குடியேறி, மகனை நல்ல பள்ளிகளில் சேர்த்தார். 1876இல் தந்தைக்குப் பெரும் பண இழப்பு. மகன் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். பதினேழு வயதில் கடல் கடந்து, வயநாட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த உறவினர்களிடம் அனுப்பப்பட்டார்.

குடும்பக் கடன், பாதியில் நின்ற படிப்பு, உறவினர் ஒருவரை நம்பிக் கடல் கடந்த பிழைப்பு. நாடுகளின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால், நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையின் கதை இது. வயநாட்டில் அவருக்கு நேரம் சரியாக அமையவில்லை. காப்பித் தொழில் நொடித்தது. கல்கத்தாவில் ஒரு தரகு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார், அதுவும் மூடப்பட்டது. மலபார்க் காடுகளில் சுற்றித் திரிந்த பழக்கம் மட்டும் அவரோடு மிஞ்சியது.

அடுத்து அவர் செய்த வேலையை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். 1878 முதல் இரண்டாண்டுகள் புருலியாவில் இருந்து, அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் திரட்டி அனுப்பும் முகவராக வேலை பார்த்தார். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணி முறையை நம் தமிழ் மக்கள் மறக்கவில்லை. அஸ்ஸாமுக்கு ஆள் அனுப்பிய முறை அதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பொய் வாக்குறுதி, தப்ப முடியாத ஒப்பந்தம், வழியிலும் தோட்டத்திலும் நோயால் மடிந்த ஆயிரக்கணக்கான உயிர்கள். அந்த இயந்திரத்தில் பத்தொன்பது, இருபது வயது ஆல்காக்கும் ஒரு சிறு பல்சக்கரம். பிற்காலத்துப் புகழைக் காட்டி இதைத் துடைத்துவிட முடியாது. வயதைக் காட்டி வேண்டுமானால் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம்.

புருலியாவில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. திருப்பியது ஒரு சின்னப் புத்தகம். அறிமுகமான ஒருவர், மைக்கேல் ஃபாஸ்டர் எழுதிய உடலியல் தொடக்க நூலை அவரிடம் விட்டுச் சென்றார். பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட சிறு நூல் அது. உடல் எப்படி இயங்குகிறது, இதயம் ஏன் துடிக்கிறது என்று விளக்கும் அந்தப் பக்கங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. மருத்துவம் படித்தே தீர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இடையில் டார்ஜீலிங்கில் ஒரு பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். 1881இல், படிப்பு நின்று ஐந்தாண்டுகளுக்குப் பின், ஸ்காட்லாந்தின் அபர்தீனில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். அங்கே விலங்கியல் பேராசிரியர் நிக்கல்சனிடம் பாடம் கேட்டதுடன் அவருக்கு உதவியாளராகவும் வேலை செய்தார். 1885இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம். அதே ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு எல்லைப்புறத்தில் படைப்பிரிவுகளின் மருத்துவராக நியமனம் பெற்றார்.

பதினேழில் நின்ற படிப்பு இருபத்திரண்டில் மீண்டும் தொடங்கியது என்ற இந்த ஒரு விவரத்துக்காகவே இவருடைய வாழ்க்கையை நம் வீடுகளில் சொல்லலாம். நம் ஜமாஅத்துகள் பலவற்றில் கல்வி நிதி இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அது பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. கடைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடி படிக்கிறேன் என்று இருபத்திரண்டு வயதில் கேட்கும் பிள்ளைக்கு அந்த நிதியில் இடம் இருக்கிறதா?

1888இல் ஆல்காக்குக்கு இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் மருத்துவர்–இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. வயது இருபத்தொன்பது. பம்பாய்க் கப்பல் தளத்தில் 1881இல் கட்டப்பட்ட மரக்கப்பல் அது. இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள் சுழலும் நீராவிக் கப்பல், 580 டன். இந்தியக் கடலோரத்தை அளந்து, கப்பல்கள் தரைதட்டாமல் போக வரைபடம் தயாரிப்பதுதான் அதன் கடமை. ஆழ்கடல் உயிர்களைப் பிடிப்பது, அந்த வேலையில் மிச்சப்படும் நேரத்தில் செய்துகொள்ளும் உபரி வேலை.

அந்தக் காலத்தில் ஆழ்கடலைப் பற்றி அறிந்தது மிகக் குறைவு. முந்நூறு பாகத்துக்குக் கீழே உயிரே இருக்க முடியாது என்று எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1840களில் கருதினார். பலரும் அதை நம்பினார்கள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் அந்தக் கருத்தை உடைத்தது. ஆனால் சேலஞ்சர் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி வழியாகவே போய்விட்டது. வங்கக் கடலுக்கு அது வரவேயில்லை. நம் பக்கத்து ஆழம் அப்படியே திறக்கப்படாமல் கிடந்தது. சேலஞ்சரில் பணியாற்றிய அதிகாரிகளில் ஒருவரான ஆல்ஃபிரட் கார்பென்டர் பின்னர் இன்வெஸ்டிகேட்டருக்குத் தலைவராக வந்தார். ஆல்காக்குக்கு முன்பு ஜைல்ஸ் என்ற மருத்துவர் இந்தப் பதவியில் இருந்து வேலையைத் தொடங்கி வைத்திருந்தார்.

பாகம் என்ற அளவு நம் மீனவர்களுக்குப் புதிதல்ல. இரு கைகளையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி வரும் நீளம் அது. ஆங்கிலேயக் கடலளவையாளர்களும் ஏறக்குறைய அதே அளவைத்தான் ஆறு அடி என்று வைத்துக்கொண்டார்கள். ஆயிரம் பாகம் என்றால் சுமார் 1,830 மீட்டர். அந்த ஆழத்துக்கு இரும்புச் சட்டம் பொருத்திய வலையை எஃகு வடத்தில் கட்டி இறக்க வேண்டும். அடிமண்ணில் கொஞ்ச நேரம் இழுக்க வேண்டும். பின்பு நீராவி விசையால் மணிக்கணக்கில் சுருட்டி மேலே ஏற்ற வேண்டும். வடம் அறுந்தால் எல்லாம் போச்சு. பாறையில் சிக்கினாலும் அப்படியே. நாள் முழுக்க உழைத்து ஒரு கூடை சேறு மட்டும் கிடைக்கும் நாட்களும் உண்டு.

அந்த வடத்தை இழுத்தவர்கள் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள். அன்றைய நீராவிக் கப்பல்களில் லஸ்கர்களாக இருந்தவர்களில் பெரும்பகுதியினர் கொங்கண், சிட்டகாங், சில்ஹெட் பகுதிகளின் முஸ்லிம்கள். லஸ்கர் என்ற சொல்லே பாரசீகத்தின் லஷ்கரிலிருந்து வந்தது. ஆய்வு நூல்களில் அந்த மாலுமிகளின் பெயர்கள் இல்லை. அது அந்தக் காலத்து வழக்கம். அதனால் அது நியாயமாகிவிடாது.

வலை மேலே வரும்போது ஆல்காக்கின் வேலை அவசரமானது. ஆயிரம் பாக ஆழத்தில் நான்கைந்து பாகை குளிர். மேலே நம் வங்கக் கடலின் நீர் இருபத்தெட்டு பாகைச் சூடு. ஆழத்தில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டலம் அளவு அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. ஆயிரம் பாகத்தில் அது 180 மடங்குக்கு மேல். அந்த உலகிலிருந்து இழுத்து வரப்பட்ட உயிர் கப்பல் தளத்துக்கு வரும்போது இறந்திருக்கும், அல்லது இறந்துகொண்டிருக்கும். அதன் நிறம் சாராயத்தில் போட்டதும் மங்கிவிடும். அதற்குள் பார்த்து, குறித்து, வரைந்து வைக்க வேண்டும்.

அவர் கண்டவற்றில் சில.

அந்தமான் கடலில் ஒரு சிவப்பு இறால் கிடைத்தது. தொந்தரவு செய்தால் அது தன் தலைப்பகுதியிலிருந்து ஒளிரும் நீரைப் பீய்ச்சியது. நம் ஊர்க் கணவாய் ஆபத்து வந்தால் கரிய மையைக் கக்கித் தப்பிக்கும். வெளிச்சமுள்ள மேல்கடலில் கறுப்புத் திரை உதவும். இருட்டில் அதனால் என்ன பயன்? அங்கே எதிரியின் கண்ணைக் கூசவைக்க ஒளித்திரை தேவை. படைத்தவன் ஒரே தற்காப்பை இரண்டு உலகங்களுக்கு இரண்டு விதமாகக் கொடுத்திருக்கிறான்.

கண் விஷயமும் இப்படித்தான். ஆல்காக் வங்கக் கடலிலிருந்து விவரித்த ஆழ்கடல் மீன் ஒன்றுக்குக் கண்கள் தோலுக்கடியில் மறைந்திருந்தன. பிறகு திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு அப்பால் ஆழத்தில் கிடைத்த குருட்டு மின்திருக்கையையும் அவர்தான் 1898இல் விவரித்தார். வெளிச்சமே இல்லாத இடத்தில் கண் எதற்கு என்று நாம் நினைப்போம். ஆனால் அதே இருளில் வாழும் ராட்சதக் கணவாய்க்கு 27 சென்டிமீட்டர் வரை குறுக்களவுள்ள கண்! அதன் பகைவன் திமிங்கலம் நீந்தி வரும்போது, வழியிலுள்ள சிற்றுயிர்கள் கலைந்து மின்மினிபோல் ஒளிர்கின்றன. நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே அந்த மங்கல் ஒளியில் திமிங்கலத்தின் உருவத்தைக் கண்டுகொள்ளத்தான் இவ்வளவு பெரிய கண் என்று 2012இல் ஆய்வாளர்கள் சிலர் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

ஆழ்கடலின் இருளைப் பேசும்போது அந்நூர் அத்தியாயத்தின் நாற்பதாவது வசனம் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அலைக்கு மேல் அலை, இருளுக்கு மேல் இருள் என்ற அந்த உவமை, ஈமானின் ஒளி கிடைக்காதவனின் நிலையைச் சொல்ல வந்தது. ஆழ்கடலை ஒருபோதும் காணாத மக்களிடையே அது ஓதப்பட்டது. அதை ஓதும் நாம் அந்த இருள் எப்படிப்பட்டது என்று அறிந்துகொண்டால் உவமையின் கனம் கூடும். ஒரு வசனத்தை எடுத்து அறிவியல் பாடநூல்போல் வரிக்கு வரி பொருத்திக் காட்டும் வேலை அதற்குத் தேவையில்லை என்பது நம் எண்ணம்.

இன்வெஸ்டிகேட்டரின் வலையில் வங்கக் கடலிலிருந்து வந்த இன்னொன்று பாத்தினோமஸ். நம் வீட்டுத் தோட்டத்தில் கல்லைப் புரட்டினால் உருண்டுகொள்ளும் மரப்பூச்சி இருக்கிறதே, அதன் இனம். ஆனால் முழங்கை நீளம். 1879இல் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது, உலகின் மறுபக்கத்தில் நம் கடலிலும் இருக்கிறது என்று தெரிந்தது. ஜாவாவுக்குத் தெற்கே கிடைத்த அதன் உறவுக்கு 2020இல் இந்தோனேசிய மொழியில் ராட்சசா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

திருக்கை விஷயத்தில் ஆல்காக் கண்டது தனிச் சிறப்பு. சில திருக்கைகள் முட்டையிடாமல் குட்டி போடும் என்று நம் மீனவர்களுக்குத் தெரியும். கருவில் அந்தக் குட்டி எதைத் தின்று வளர்கிறது? தாயின் கருப்பைச் சுவரில் விரல்போன்ற சிறு முனைகள் நிறைந்திருப்பதையும், அவை பாலைப்போன்ற சத்து நீரைச் சுரந்து குட்டிக்கு ஊட்டுவதையும் அவரும் கல்கத்தா அருங்காட்சியகத்தின் வுட்–மேசனும் வங்கக் கடல் திருக்கைகளை வைத்து விளக்கினார்கள். மருத்துவம் படித்தவரின் கண் அங்கே உதவியது.

ராட்சதக் கணவாயை அவர் பிடித்தாரா? இல்லை. மெதுவாக ஊரும் ஒரு வலையில், வேகமாக நீந்தும் பன்னிரண்டு மீட்டர் உயிர் வந்து மாட்டாது. வந்தது சிறு, நடுத்தரக் கணவாய்கள்தான். அவற்றையும் ஆல்காக் தானே விவரிக்க முற்படவில்லை. தனக்குத் தெரிந்தது மீனும் நண்டும் இறாலும் என்று, கணவாய்களை இங்கிலாந்தில் இருந்த குட்ரிச் என்ற நிபுணரிடம் போகவிட்டார்கள். 1896இல் அந்த அறிக்கை வெளிவந்தது. தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பது சாதாரணமாகத் தோன்றினாலும், எல்லாப் பெருமையும் தனக்கே வேண்டும் என்று நினைப்பவர்களிடம் அது நடப்பதில்லை.

வங்கக் கடலில் ராட்சதக் கணவாய் என்றதும் பழைய கதை ஒன்றை யாராவது எடுப்பார்கள். 1874இல் கொழும்பிலிருந்து மதராஸ் வந்துகொண்டிருந்த ஸ்ட்ராத்தோவன் என்ற கப்பலின் பயணிகள் கண்ணெதிரே, பெர்ல் என்ற பாய்மரக் கப்பலை ஒரு பிரம்மாண்டமான கணவாய் கட்டித் தழுவிக் கவிழ்த்தது என்று லண்டன் டைம்ஸ் நாளிதழில் செய்தி வந்தது. படிக்கச் சுவையான கதை. ஆனால் அதை உறுதிப்படுத்தும் நம்பகமான சான்று இன்றுவரை இல்லை. கட்டுக்கதை என்றே பலரும் கருதுகிறார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கப்பலைக் கவிழ்க்கும் கணவாயை விட்டுவிடுவோம்.

நம்பத்தக்க சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. அது திமிங்கலத்தின் வயிற்றில் இருக்கிறது. எண்ணெய்த் திமிங்கலம் என்று சொல்லப்படும் இனம் ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கிக் கணவாய்களை வேட்டையாடும். இலங்கையின் திரிகோணமலைக்கு அப்பாலும் அவற்றைக் காணலாம். கணவாயின் உடல் முழுக்க மென்சதை; அதன் வாயில் கிளி மூக்குப்போன்ற ஓர் அலகு மட்டும் கெட்டி. திமிங்கலத்தால் அதைச் செரிக்க முடியாது. குடலில் தங்கும் அலகுகளைச் சுற்றி உருவாகும் மெழுகுபோன்ற பொருள்தான் அம்பர். ஆம், நம் அத்தர் கடைகளில் பெயர் கேட்கும் அதே அம்பர். திமிங்கல வாந்தி என்று செய்தித்தாள்கள் எழுதுவது சரியல்ல, அது குடலில் உருவாவது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கோடி கிடைக்கும் என்ற ஆசையில் கடலோர இளைஞர்கள் இதில் சிக்கிக் கைதாகும் செய்திகள் வந்தபடி இருக்கின்றன.

அன்பர் என்ற அரபுச் சொல் நம் ஹதீஸ் நூல்களில் ஒரு முக்கியமான இடத்தில் வருகிறது. அபூ உபைதா (ரலி) தலைமையில் முந்நூறு ஸஹாபாக்கள் கடலோரமாக அனுப்பப்பட்டார்கள். உணவு தீர்ந்து, நாளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற நிலை வந்து, பின்பு மர இலைகளைத் தின்னும் அளவுக்குப் பசி. அப்போது கடல் ஒரு மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. அதன் பெயர் அன்பர். பல நாட்கள் அதைச் சாப்பிட்டார்கள். அதன் விலா எலும்பை நிறுத்தி வைத்தபோது அதன் கீழே ஒட்டகம் புகுந்து போனது. மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள் அதை அல்லாஹ் அளித்த உணவு என்று ஏற்று, மிச்சமிருந்ததில் தாங்களும் உண்டார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்த நிகழ்ச்சியை நம் ஆலிம்கள் கடல் உணவின் சட்டம் பேசும்போது எடுத்துச் சொல்வார்கள். எண்ணெய்த் திமிங்கலத்துக்கும் அரபியில் அன்பர் என்றுதான் பெயர்.

அதே சட்டப் பேச்சில்தான் நம் வீட்டுக் கணவாய்க் குழம்பும் வருகிறது. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரைக் குடும்பங்களில் கணவாய் சாதாரணமாகச் சமைக்கப்படும். ஹனஃபி மத்ஹபில் கடலில் மீன் இனம் மட்டுமே ஆகும் என்பதால் ஒதுக்கிவிடுவார்கள். கணவாய் மீனா என்று பிள்ளைகள் கேட்டால், விலங்கியலின் விடை இல்லை என்பதே. அது நத்தைக்கும் சிப்பிக்கும் உறவு. ஓட்டுக்கணவாயின் முதுகில் இருக்கும் வெள்ளை ஓடு அந்த உறவின் மிச்சம். சட்டத்தை அவரவர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆல்காக்கிடம் திரும்புவோம். 1892 வரை நான்காண்டுகள் அவர் கப்பலில் இருந்தார். 1893இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். நடுவே 1895இல் பாமீர் எல்லைக் குழுவோடு மத்திய ஆசியாவின் மலைகளுக்கும் போய் வந்தார். மற்றபடி அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, கப்பல் கொண்டுவந்த புட்டிகளோடுதான் கழிந்தது. 1899இல் இந்திய ஆழ்கடல் மீன்களின் பட்டியல் நூலும், 1902இல் இன்வெஸ்டிகேட்டர் அனுபவங்களைச் சொல்லும் பயண நூலும் வெளிவந்தன. இந்திய நண்டுகளைப் பற்றி அவர் தொடராக எழுதிய கட்டுரைகளை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

கண்டுபிடிப்புகளுக்குப் படம் வரைந்தவர்கள் ஏ.சி. சௌத்ரி, எஸ்.சி. மண்டல் என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். மீசை முதல் முள் வரை எண்ணி வரைந்த அந்தப் படங்களின் அடியில் அவர்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. லஸ்கர்களுக்குக் கிடைக்காத அந்தச் சிறு மரியாதை இவர்களுக்காவது கிடைத்தது.

1907இல் ஆல்காக் இந்தியாவை விட்டுப் போனார். லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், பேட்ரிக் மேன்சனுடன் சேர்ந்து, நோய் பரப்பும் கொசு, ஈ, உண்ணி பற்றிக் கற்பித்தார். கப்பல்துறை மாலுமிகளுக்கான மருத்துவமனையோடு இணைந்த பள்ளி அது. 1911இல் மருத்துவர்களுக்கான பூச்சியியல் நூலை எழுதினார். ராயல் சொசைட்டி அவரை 1901லேயே உறுப்பினராக்கியிருந்தது. 1933 மார்ச் 24இல், எழுபத்து மூன்றாம் வயதில், கென்ட் பகுதியில் காலமானார்.

அவர் இறந்து ஆறு மாதம் ஆவதற்குள் ஒன்று நடந்தது. 1933 செப்டம்பரில் அலெக்சாந்திரியாத் துறைமுகத்திலிருந்து மபாஹித் என்ற எகிப்தியக் கப்பல் இந்தியப் பெருங்கடல் ஆய்வுக்குப் புறப்பட்டது. பயணத்தின் தலைவர் சீமோர் சூவெல், இன்வெஸ்டிகேட்டரில் ஆல்காக் வகித்த அதே பதவியைப் பிற்காலத்தில் வகித்தவர். மாலுமிகள் எகிப்தியர்கள். விஞ்ஞானிகளிலும் எகிப்தியர் இருவர்: வேதியியலாளர் அப்துல் ஃபத்தாஹ் முஹம்மத், மருத்துவர் ஹுசைன் ஃபவ்ஸி. ஃபவ்ஸி அந்தக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் இருந்தார். ஆல்காக் வகித்த இரட்டைப் பொறுப்பு அப்படியே ஒரு முஸ்லிம் நாட்டின் மகனிடம் வந்திருந்தது. ஒன்பது மாதங்கள் அரபிக்கடலை ஆராய்ந்துவிட்டு 1934 மே மாதம் அவர்கள் திரும்பினார்கள். ஃபவ்ஸி பின்னர் இந்தப் பயணத்தை சிந்துபாத் கதைகளோடு இணைத்து அரபியில் எழுதிப் பெயர் பெற்றார்.

நம் நாட்டில் இந்த வழியில் வந்தவர் அலகாபாத்தில் பிறந்து அலிகரில் படித்த சையத் ஜஹூர் காசிம். கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தை நடத்தி, 1981இல் இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணத்துக்குத் தலைமை தாங்கியவர். தமிழகத்திலோ கடல் உயிரியல் படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே, மஹ்மூத் பந்தர் என்று நம் பெரியவர்கள் சொல்லும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. வடக்கே சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரைச் சுமந்து செல்லும் மத்ஸ்யா நீர்மூழ்கியை உருவாக்கி வருகிறது. ராட்சதக் கணவாயை அதன் சொந்த இருளில் உயிரோடு முதலில் படம் பிடித்தவர்கள் ஜப்பானியர்கள், 2004இல். அதைவிட எடை மிகுந்த மாபெரும் கணவாயின் குட்டி ஒன்று அண்டார்டிகாப் பக்கம் 2025இல்தான் முதன்முறையாக உயிரோடு படமானது. வங்கக் கடலில் பார்க்க வேண்டியது இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

மபாஹித் கொண்டுவந்த இறால்களை எம்.எம். ரமதான் என்ற ஆய்வாளர் பிரித்துப் படித்து, 1938இல் அறிக்கை எழுதினார். ஒரு சிவப்பு ஆழ்கடல் இறாலுக்கு ஆல்காக்கின் நினைவாகப் பெயர் சூட்டினார். விலங்கியல் மரபுப்படி பெயர் சூட்டியவரின் பெயரும் ஆண்டும் அதன் பின்னால் வரும்: அரிஸ்டியஸ் ஆல்காக்கி, ரமதான், 1938. கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் ஆழ்கடல் இழுவைப் படகுகள் அதைக் கொண்டுவந்து இறக்குகின்றன. வியாபாரிகள் அதை ரெட் ரிங் என்கிறார்கள். பெரும்பகுதி ஐஸ் பெட்டியில் அடைபட்டு ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது.